அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை: காதில் விழுவனவற்றுள் எது மெய், எது வதந்தி?

கேள்விக்குறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முதன்மைப் பாடம் வரலாறு. அத்துடன் மருத்துவக் கல்லூரிகள் எதிர்பார்க்கும் உயிரியல், வேதியியல், இயற்பியல் வகுப்புகளையும் ஆய்வுக்கூடத்துடன் சேர்த்து எடுத்து வருகிறாள். மருத்துவராக வேண்டும் என்பது அவளாக எடுத்த முடிவு, நாங்கள் தள்ளிவிடவில்லை. நானும் என் மனைவியும் ஒரு தேர்வு, ஒரு தரவரிசைப் பட்டியல், ஒரு கலந்தாய்வு என்ற ஒழுங்கில் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் என்பதால், இங்குள்ள நடைமுறை எங்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதைப் போல் இருக்கிறது.

வார இறுதியில் நண்பர்கள் வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள். உயிரியல் படிக்காதவர்களை எடுக்கவே மாட்டார்கள் என்கிறார் ஒருவர். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 520 வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் சடங்கு என்கிறார் இன்னொருவர். ஒரு பாடத்தில் பி கிரேடு வந்தாலும் கதை முடிந்தது, ஆசியர்களுக்கென்று ரகசியமாக ஓர் இட வரம்பு இருக்கிறது, பட்டம் முடித்த ஆண்டே சேராவிட்டால் குறையாகப் பார்ப்பார்கள், எம்டிக்குப் பதில் டிஓ (ஆஸ்டியோபதி மருத்துவம்) பட்டம் தரும் கல்லூரி என்பது இரண்டாம் தரம், கோடையில் ஊருக்கு அனுப்பி உறவினரின் மருத்துவமனையில் இரண்டு மாதம் நிற்க வைத்தால் விண்ணப்பம் பிரகாசிக்கும் என்று பட்டியல் நீள்கிறது. ஒரே கல்லூரியைத் தேர்ந்து முன்கூட்டியே முடிவு பெறும் ஏர்லி டிசிஷன் முறையில் விண்ணப்பித்தால் எளிதாகக் கிடைக்கும் என்றும் சொன்னார்கள்.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இன்னும் தற்காலிக வேலை விசாவான எச்-1பியில்தான் இருக்கிறோம். நிரந்தரக் குடியுரிமை அட்டைக்கான (கிரீன் கார்டு) வரிசையில் பல ஆண்டுகளாக நிற்கிறோம். மகள் எங்களைச் சார்ந்தவளாக எச்-4 விசாவில் இருக்கிறாள். சிறு வயதிலிருந்து இங்கேயே படித்தவள் என்பதால் அவளை உள்ளூர் மாணவியாகவே கருதுவார்கள் என்று எண்ணியிருக்கிறோம். இந்தத் துறையை உள்ளிருந்து பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து விளக்க வேண்டும்.


ஓய்வுபெற்ற_ஆலோசகர் எழுதியது:

ஐயா, வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை நாடும் இளங்கலை மாணவர்களுக்கு வழிகாட்டும் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் குறிப்பிட்டவை அனைத்தும் என் மேசைக்கு எதிரே அமர்ந்த பெற்றோர் வாயிலிருந்து நூறு முறையாவது கேட்டவை. எனக்கு நன்கு தெரிந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாடத் தேர்வு. ப்ரீமெட் என்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பட்டப் பாடமே அன்று. முன்தேவை வகுப்புகளை முடிக்கும் ஒரு பாதை, அவ்வளவுதான். பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை முடித்தால் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். சில கல்லூரிகள் புள்ளியியலையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கேட்கும். சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரியல் சார்ந்த பாடங்களைப் படித்தவர்கள் என்பது உண்மை. ஆனால் விண்ணப்பிப்பவர்களிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் அவர்கள்தாம். மண்டபத்துக்குள் பட்டுச் சேலைகள் மிகுதியாகத் தெரிவதால் பட்டு உடுத்தினால்தான் உள்ளே விடுவார்கள் என்று முடிவு கட்டலாமா? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமான ஏஏஎம்சி ஆண்டுதோறும் முதன்மைப் பாடவாரியாக வெளியிடும் அட்டவணைகளைப் பார்த்தால், வரலாறு, இலக்கியம் போன்ற கலைத் துறைகளிலிருந்து விண்ணப்பித்தவர்கள் உயிரியல் மாணவர்களைவிடக் குறைந்த விகிதத்தில் சேர்ந்ததாகக் காண முடியாது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987ஆம் ஆண்டிலேயே இலக்கியம், வரலாறு போன்றவற்றைப் படிக்கும் இளங்கலை மாணவர்களை எம்கேட் இல்லாமலே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அவர்களும் மருத்துவம் படித்து வெளியே வந்தார்கள். அதற்காக வரலாறு என்ற பெயரைப் பார்த்ததும் யாரும் சிவப்புக் கம்பளம் விரிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: முதன்மைப் பாடம் அறிவியல் அல்லாதபோது, எடுத்த குறைந்த அறிவியல் வகுப்புகளின் மதிப்பெண்ணையே குழுவினர் கூர்ந்து பார்ப்பார்கள்.

இரண்டாவது எம்கேட். இத்தேர்வு நான்கு பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 118 முதல் 132 வரை மதிப்பிடப்படுவதால் மொத்தம் 472இல் தொடங்கி 528இல் முடிகிறது, நடுப்புள்ளி 500. எம்டி கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி அண்மை ஆண்டுகளில் 511, 512 என்ற அளவில் இருக்கிறது. இந்தச் சராசரியைக் கட்-ஆஃப் என்று நம் மக்கள் வாசித்துவிடுகிறார்கள். நாடு முழுவதற்கும் பொதுவான கட்-ஆஃப் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு வடிகட்டியை வைத்திருக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். சராசரி என்றால் அதற்குக் கீழே பலர் சேர்ந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? மறுபுறம், 517க்கு மேல் எம்கேட்டும் 3.8ஐ ஒட்டிய ஜிபிஏவும் (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வைத்திருந்தவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் எந்த எம்டி கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை என்பதை அதே சங்கத்தின் அட்டவணை காட்டுகிறது. மதிப்பெண் உங்கள் மகளின் கோப்பைத் திறக்க வைக்கும். திறந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு கணக்கு.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு "மதிப்பெண்ணே முக்கியமில்லை, மனம்தான் முக்கியம்" என்று எதிர்த் திசைக்கு ஓடுபவர்களும் உண்டு. அதுவும் வதந்திதான், அதிக இனிப்பானது என்பதால் அதிக ஆபத்தானதும்கூட. ஆண்டுதோறும் ஏறக்குறைய 52,000 பேர் எம்டி கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேர்பவர்கள் சுமார் 23,000 பேர். 498 மதிப்பெண்ணுடன் உருக்கமான கட்டுரையை மட்டும் நம்பி இருபது கல்லூரிகளுக்குப் பணம் கட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தடுக்காமல் தட்டிக்கொடுத்தவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓராண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த ஈராண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை என்பதே வரம்பு. எழுதிய ஒவ்வொரு முறையின் மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்குத் தெரியும். நல்லதை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை மறைக்கும் வசதி கிடையாது. தேர்வு நாளன்றே, மதிப்பெண் தெரியும் முன்பே, அதைச் செல்லாததாக்கிவிட்டு எழுந்து வரலாம் என்பது மட்டுமே ஒரே வழி. ஆகவே "சும்மா ஒருமுறை எழுதிப் பார்" என்று தயவுசெய்து மகளிடம் சொல்லாதீர்கள். எழுதிப் பார்ப்பதற்கு மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன.

மூன்றாவது அந்த ஒற்றை பி. சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.8ஐ ஒட்டி இருக்கிறது. நான்குக்கு நான்கு அன்று. அந்த இடைவெளிக்குள் எத்தனை பி ஒளிந்திருக்கின்றன என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முதலாண்டில் தடுமாறி, பிறகு கடினமான வகுப்புகளில் ஏறிச் செல்லும் வரைகோட்டை எந்தக் குழுவும் கவனிக்கத் தவறாது. இறங்கிச் செல்லும் வரைகோடுதான் கேள்வியை எழுப்பும்.


இரவுப்பணி எழுதியது:

மேலே அம்மையார் எழுதியிருப்பதை அப்படியே வழிமொழிகிறேன். நான் உள்மருத்துவத் துறையில் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகள் ஒரு மருத்துவக் கல்லூரியின் நேர்காணல் குழுவில் இருந்திருக்கிறேன். உள்ளே நடப்பவை பற்றி வெளியில் உலவும் மர்மக் கதைகள் எங்களுக்கே வியப்பாக இருக்கும்.

இட வரம்பைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் வட்டத்தில் மிகவும் உறுதியாக நம்பப்படுவது அதுதான். இந்த நாட்டில் இனவாரியாக இடங்களை ஒதுக்குவது சட்டப்படி செல்லாது என்ற தீர்ப்பு வந்ததே ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16ஐத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தது. இருமுறை நிராகரிக்கப்பட்ட ஆலன் பாக்கி என்பவர் வழக்குத் தொடுத்தார். 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. இனத்தைப் பல கூறுகளில் ஒன்றாகக் கருத்தில் கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. 2023 ஜூன் மாதம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் வந்த தீர்ப்பு அந்தக் கதவையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது. இத்தனை நீதிமன்றப் படிகள் ஏறிய நாட்டில் ஆசியர்களுக்கான வரம்பு என்று ஓர் எண்ணைக் கல்லூரிகள் எழுதி வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நான் அமர்ந்த அறையிலும் அப்படி எதையும் கண்டதில்லை.

நான் கண்டது வேறொன்று, அதை மனம் நோகாமல் சொல்வது கடினம். நம் பிள்ளைகள் பலரின் விண்ணப்பங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல் வந்து சேரும். தாத்தாவின் நோய், அதைக் கண்டு பிறந்த மருத்துவக் கனவு, ஒரு ஆய்வகத்தில் இரண்டு கோடைக்காலம், பரதநாட்டியமோ வயலினோ, கடைசியில் ஊர் மருத்துவமனையில் கழித்த ஒரு மாதம். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதுதான். பதினைந்தாவது விண்ணப்பத்தையும் இதே வரிசையில் படிக்கும்போது எழுதியவரின் முகம் மட்டும் தெரியாமல் போய்விடுகிறது. எம்டி கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸில் செயல்பாடுகளுக்கு அதிகபட்சம் 15 இடங்கள் உண்டு; அவற்றுள் மூன்றை மட்டும் மிகவும் பொருள்பொதிந்தவை என்று குறித்து விரித்தெழுதலாம். பதினைந்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்பது மற்றொரு கட்டுக்கதை. எட்டு இடங்களை நிரப்பி, அவற்றுள் ஒன்றில் மூன்று ஆண்டுகள் விடாமல் செய்த பணியைக் காட்டும் மாணவியே என் நினைவில் நிற்பார். முதியோர் இல்லத்தில் உணவு ஊட்டும் வேலைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சென்ற ஒரு மாணவர், சாப்பிட மறுக்கும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றிச் சொன்னது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. சம்பளம் வாங்கியதால் அது தொண்டு ஆகாதே என்று அவரே தயங்கினார். எங்களில் ஒருவருக்கும் அந்தத் தயக்கம் இல்லை.

உறவினரின் மருத்துவமனை யோசனையைப் பொறுத்தவரை கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கச் சொல்வேன். ஓரமாக நின்று பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தையல் போட விட்டார்கள், ஊசி போட விட்டார்கள், பிரசவத்தின்போது கைகொடுத்தேன் என்று பெருமையாக எழுதும் பிள்ளைகள் உண்டு. உரிமமும் பயிற்சியும் இல்லாத ஒருவர் நோயாளியின் உடலில் கை வைத்தார் என்பதுதான் அதைப் படிப்பவர் கண்ணில் படும். வெளிநாடுகளில் அனுபவம் தேடும் மாணவர்கள் தம் பயிற்சிக்கு மீறிய எதையும் செய்யக் கூடாது என்று ஏஏஎம்சி தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள இலவச மருத்துவ நிலையத்தில் வாரம் ஒரு மாலை என்று ஈராண்டுகள் தொடர்ந்து செல்வது, கடல் கடந்த இரண்டு மாதங்களைவிட எடை கூடியது.

பரிந்துரைக் கடிதங்கள் பற்றியும் ஒன்று. பெயர்பெற்ற அறுவை மருத்துவர் எழுதிய நான்கு வரிகளைவிட, மாணவியை நன்கு அறிந்த வேதியியல் விரிவுரையாளர் எழுதிய ஒன்றரைப் பக்கம் பயன் தரும். கடிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுப்பதே வழக்கம். விட்டுக்கொடுக்காவிட்டால் அக்கடிதத்தின் மேல் வாசிப்பவருக்கு முழு நம்பிக்கை வராது.


மூவரின்_தாய் எழுதியது:

ஐயா, மற்றவர்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசிப் பத்திதான் உங்களுக்கு முதல் பத்தியாக இருந்திருக்க வேண்டும். என் மூத்த மகன் இதே இடத்தில் நின்றவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

இங்கே வளர்ந்ததால் உள்ளூர் மாணவர் என்பது மருத்துவக் கல்லூரிகளைப் பொறுத்தவரை உண்மையன்று. நிரந்தரக் குடியுரிமை அட்டை கையில் இருந்தால் குடிமக்களோடு சேர்த்தே பெரும்பாலும் கருதுவார்கள். எச்-4 என்றால், ஐந்து வயதில் வந்திருந்தாலும், பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் என்ற வகையிலேயே வைக்கின்றன; அந்த வகையினரை ஏற்கவே ஏற்காத கல்லூரிகள் ஏராளம், மாநில அரசுக் கல்லூரிகளில் அது இன்னும் அதிகம். இளங்கலையில் உள்ளூர்க் கட்டணம் கொடுத்தார்களே என்று நாங்களும் ஏமாந்தோம். அந்தச் சலுகைக்கான விதி வேறு, மருத்துவக் கல்லூரியின் தகுதி விதி வேறு. ஒரே பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இரண்டும் முரண்படலாம்.

அடுத்து வயது. 21 நிறைந்ததும் எச்-4 முடிந்துவிடும். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். கிரீன் கார்டு வரிசையில் பிள்ளையின் வயதைக் கணக்கிடுவதற்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு என்பதால், உங்கள் மகளின் நிலை எப்படி என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் இந்த மாதமே கேளுங்கள், எம்கேட் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்பே.

பணத்தைப் பற்றிய கட்டுக்கதை, "அரசுக் கடன் கிடைத்துவிடும்" என்பது. எச்-4, எஃப்-1 மாணவர்களுக்குக் கூட்டரசின் மாணவர் கடன் கிடையாது. அவர்களை ஏற்கும் கல்லூரிகளிலும் சில, ஓராண்டு முதல் நான்காண்டு வரையிலான செலவுக்கான தொகை இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்லும். குடிமக்களுக்கே இனி முன்பு போல் இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்குக் கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது.

கல்லூரிவாரியாக யார் எந்த விசாவை ஏற்கிறார்கள் என்பதை ஏஏஎம்சியின் எம்எஸ்ஏஆர் தகவல் தளத்தில் பார்த்து, பிறகு ஒவ்வொரு சேர்க்கை அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னதை நம்பி நாங்கள் நான்கு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தோம். அந்தப் பணம் திரும்பவில்லை.


இரண்டாம்சுற்று எழுதியது:

நான் மருத்துவம் மூன்றாம் ஆண்டு மாணவன். முதல் முறை விண்ணப்பித்து எங்கும் இடம் கிடைக்காமல், மறுமுறை விண்ணப்பித்து ஒரு டிஓ கல்லூரியில் சேர்ந்தவன். ஆகவே காலம் பற்றியும் டிஓ பற்றியும் என் அனுபவத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பள்ளி முடித்து இளங்கலைக்குச் செல்லும்போது ஏர்லி டிசிஷன் ஒரு அனுகூலம் என்று எல்லோரும் சொல்வார்கள். மருத்துவத்தில் அந்தப் பெயர் மட்டும்தான் ஒன்று. ஆம்காஸின் ஏர்லி டிசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும். அதன் முடிவு அக்டோபர் 1 வாக்கில் வரும்வரை வேறெந்த எம்டி கல்லூரிக்கும் விண்ணப்பிக்கக் கூடாது. அங்கே இல்லை என்று ஆகிவிட்டால், மற்றவர்கள் ஜூன் மாதமே கொடுத்த விண்ணப்பத்தை நீங்கள் அக்டோபரில் கொடுப்பீர்கள். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வரும் வரிசையிலேயே பரிசீலித்து, நேர்காணலுக்கு அழைத்து, அக்டோபர் நடுவிலிருந்து இடங்களை வழங்கத் தொடங்கிவிடுவதால், அது ரயில் புறப்பட்ட பிறகு பயணச்சீட்டு வாங்குவதைப் போன்றது. ஒரு கல்லூரியோடு மிகவும் வலுவான தொடர்பு இருப்பவர்களுக்கு மட்டுமே அத்திட்டம் பொருந்தும்.

கடைசித் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்பதும் தவறு என்று இதிலிருந்தே விளங்கும். விண்ணப்பத் தளம் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ சமர்ப்பிக்கலாம். ஜூன் பிற்பகுதியிலிருந்து கல்லூரிகளுக்குப் போய்ச் சேரும். இடையில் மதிப்பெண் சான்றுகளைச் சரிபார்ப்பதற்கே கூட்டம் மிகுந்த நேரத்தில் சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனிக் கட்டுரைகள் கேட்கும். சராசரியாக ஒருவர் பதினெட்டுக் கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கிறார் என்றால் அந்தக் கோடை எப்படிக் கழியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் மாநில அரசுக் கல்லூரிகளுக்கும் டிஓ கல்லூரிகளுக்கும் வெவ்வேறு விண்ணப்பத் தளங்கள். ஆம்காஸில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் நாற்பது டாலருக்கு மேல். கல்லூரிகளின் துணைக் கட்டணம் தனி.

இருந்தாலும் எப்படியாவது ஜூனில் கொடுத்துவிட வேண்டும் என்ற அறிவுரையை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். என் முதல் சுற்றுத் தோல்விக்கு அதுதான் காரணம். எங்கள் கல்லூரி ஆலோசகர் தேதியை மட்டுமே வலியுறுத்தினார். நானும் பாதி வெந்த கட்டுரையோடு, நோயாளிகளை நேரில் கண்ட அனுபவம் நாற்பது மணி நேரம்கூட இல்லாமல், முதல் வாரத்திலேயே சமர்ப்பித்தேன். முதலில் போய்ச் சேர்ந்த பலவீனமான விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்படும், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஓராண்டு இடைவெளி குறையா என்ற உங்கள் கேள்வி வருகிறது. இப்போது மருத்துவம் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குப் பின் குறைந்தது ஓராண்டாவது இடைவெளி விட்டவர்கள். எங்கள் வகுப்பில் நேராக வந்தவர்கள்தாம் சிறுபான்மை. நான் அந்த ஆண்டை மருத்துவர்களுக்குக் குறிப்பெழுதும் வேலையில் கழித்தேன். மறுமுறை நேர்காணலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதி அந்த வேலையைப் பற்றித்தான்.

டிஓ பற்றி. எம்டி, டிஓ இரண்டு பட்டங்களுக்கும் ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமம் உண்டு. மேற்பயிற்சி இடங்களுக்கான அங்கீகாரமும் 2020ஆம் ஆண்டில் ஒன்றாகிவிட்டது. அந்த இடங்களுக்கு மாணவர்களை ஒதுக்கும் ஒரே பொருத்த முறையில் இருவரும் போட்டியிடுகிறோம். வேறு நாடுகளில் ஆஸ்டியோபதி என்று வழங்கும் எலும்பு, தசை சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேச்சு எழுகிறது. அதே நேரத்தில் வேறுபாடே இல்லை என்று நான் சொன்னால் அது இன்னொரு கட்டுக்கதை ஆகிவிடும். நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போன்ற கடும் போட்டியுள்ள துறைகளில் எம்டி மாணவர்களுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். எங்களில் பலர் எங்களுக்குரிய காம்லெக்ஸ் உரிமத் தேர்வோடு எம்டி மாணவர்கள் எழுதும் யூஎஸ்எம்எல்இ உரிமத் தேர்வையும் எழுதுகிறோம், அந்தச் சுமையும் உண்டு. குடும்ப மருத்துவம், உள்மருத்துவம், குழந்தை மருத்துவம் என்று போக விரும்புபவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் வேண்டாதது.


கேள்விக்குறி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூவரின் தாய் அவர்களின் பதிலைப் படித்த அன்றே வழக்கறிஞரிடம் நேரம் வாங்கிவிட்டேன். மகளிடம் இவற்றைப் படித்துக் காட்டியபோது, இரவுப்பணி அவர்கள் வரைந்த அந்த ஒரே அச்சு விண்ணப்பத்தில் வயலின் வரை அனைத்தும் தன்னுடையதாக இருப்பதாகச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே அருகிலிருந்த சமுதாயக் கல்லூரியில் இரண்டு வகுப்புகள் எடுத்தாள். அதில் பொது வேதியியலில் சி வந்தது. இப்போதைய பல்கலைக்கழகம் அந்த மதிப்பெண்ணைத் தன் ஜிபிஏவில் சேர்க்கவில்லை. அவள் அதே பாடத்தை இங்கே மீண்டும் எடுத்து ஏ வாங்கிவிட்டாள். பழையது பள்ளிக் காலத்துச் செய்தி என்பதால் குறிப்பிட வேண்டியதில்லை என்றும், புதிய மதிப்பெண் பழையதை அழித்துவிடும் என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?


ஓய்வுபெற்ற_ஆலோசகர் எழுதியது:

இரண்டுமே தவறு ஐயா. நல்ல வேளையாக இப்போதே கேட்டீர்கள்.

கல்லூரி அளவிலான எந்த வகுப்பும், பள்ளியில் படிக்கும்போது எடுத்ததாக இருந்தாலும், ஆம்காஸ் விண்ணப்பத்தில் இடம்பெற்றாக வேண்டும். அந்தச் சமுதாயக் கல்லூரியிலிருந்து மதிப்பெண் சான்று தனியாகப் போக வேண்டும். பல்கலைக்கழகம் சேர்த்ததா இல்லையா என்பது பொருட்டே அன்று, ஏனெனில் ஆம்காஸ் தானே முதலிலிருந்து ஜிபிஏவைக் கணக்கிடுகிறது. மீண்டும் எடுத்த பாடத்தில் பழைய மதிப்பெண்ணும் புதியதும் இரண்டும் கணக்கில் வரும். டிஓ கல்லூரிகளின் விண்ணப்பத் தளம் ஒரு காலத்தில் பழையதை நீக்கிப் புதியதை எடுத்துக்கொண்டது; அந்த வழக்கத்தை 2017இல் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் நண்பர் அந்தக் காலத்துச் செய்தியைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும்.

அந்த சி அவளுக்குப் பெரிய தீங்கு செய்யாது. பதினாறு, பதினேழு வயதில் வாங்கிய சி, அதன் பின் அதே பாடத்தில் ஏ. மறைப்பதுதான் தீங்கு. சான்று விடுபட்டால் விண்ணப்பம் சரிபார்ப்பிலேயே திரும்பி வரும், வாரங்கள் வீணாகும். வேண்டுமென்றே விட்டதாகத் தெரிந்தால் அதை விசாரித்துக் கல்லூரிகளுக்கே தெரிவிப்பார்கள். சான்றின் நகல் ஒன்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் விண்ணப்பத்தில் நிரப்பும் பாடப் பெயர், அலகு, மதிப்பெண் மூன்றும் அந்தத் தாளில் உள்ளபடியே இருக்க வேண்டும்.